பத்து கிலோமீட்டர்னு மேப் சொல்லுது, அதுல எத்தனை மீட்டர் மேடு?

வேலைக்கு எவ்வளவு தூரம் போறீங்கன்னு கேட்டா கிலோமீட்டர்ல சொல்வோம், இல்லன்னா நிமிஷத்துல சொல்வோம். எத்தனை மீட்டர் ஏறணும்னு யாரும் சொல்றதில்ல. ஆனா சமதரையில பத்து கிலோமீட்டர் போறதுக்கும், நடுவுல 150 மீட்டர் மேடு ஏறி பத்து கிலோமீட்டர் போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு. கார்ல போறவங்களுக்கு அது கொஞ்சம் பெட்ரோல், சைக்கிள்ல போறவங்களுக்கு அது மூச்சு, ட்ரெயினுக்கு அது அந்த ரூட்டே போட முடியுமா முடியாதாங்கிற கேள்வி. ஒரே மேடுதான், ஆனா ஒவ்வொரு வண்டியும் அதுக்கு வேற வேற விதமா விலை குடுக்குது. அதைத்தான் இங்க கணக்கோட சொல்லப் போறேன், ஸ்கூல் பிசிக்ஸ் மறந்து போனவங்களுக்கும் புரியற மாதிரி.

முதல்ல மூணு விஷயத்தை பிரிச்சுக்கலாம், ஏன்னா பேசும்போது இந்த மூணையும் போட்டு குழப்பிக்கிறோம். ஒண்ணு உயரம், அதாவது கடல் மட்டத்துல இருந்து அந்த இடம் எவ்வளவு மேல இருக்கு. ரெண்டாவது மொத்த ஏத்தம், கிளம்பின இடத்துல இருந்து போய் சேர்ற வரைக்கும் வழியில ஏறின எல்லா மேட்டையும் கூட்டினா வர்ற கணக்கு. வீடும் ஆபீஸும் ரெண்டுமே 200 மீட்டர் உயரத்துல இருக்குன்னு வைங்க, வித்தியாசம் பூஜ்யம், ஆனா நடுவுல மூணு ஆத்துப் பள்ளம் இருந்து ஒவ்வொண்ணுலயும் 50 மீட்டர் இறங்கி 50 மீட்டர் ஏறினீங்கன்னா நீங்க ஏறினது 150 மீட்டர், வீட்டுக்கு திரும்பும்போதும் அதே 150. மூணாவது சரிவு, 100 மீட்டர் முன்னாடி போறதுக்குள்ள 5 மீட்டர் ஏறினா அது 5 சதவீத சரிவு. இது டிகிரி கிடையாது, 45 டிகிரிதான் 100 சதவீதம். 10 சதவீத சரிவுங்கிறது 6 டிகிரி கூட வராது, ஆனா அதுல சைக்கிள் மிதிச்சவங்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெருசுன்னு. நியூசிலாந்துல டுனெடின் ஊர்ல இருக்கிற பால்ட்வின் ஸ்ட்ரீட் உலகத்துலயே ரொம்ப செங்குத்தான தெருன்னு பேர் வாங்கினது, அதோட சரிவே கிட்டத்தட்ட 35 சதவீதம்தான்.

இப்ப மேடு ஏற எவ்வளவு சக்தி வேணும்னு பாக்கலாம். ஜூல்ங்கிறது சக்தியை அளக்கிற அளவு, ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல் ஆகும், அவ்வளவுதான் சூத்திரம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோன்னா 100 மீட்டர் ஏத்தத்துக்கு சுமார் 83,000 ஜூல். எண்ணு பெருசா தெரியுது, ஆனா இது 23 வாட் ஹவர், நம்ம போன் பேட்டரியில இருக்கிறதை விட கொஞ்சம்தான் அதிகம். அப்புறம் ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னா நம்ம உடம்பு ஒரு சின்ன எஞ்சின். பழக்கமில்லாத சாதாரண ஆள் ரொம்ப நேரத்துக்கு தொடர்ந்து குடுக்கக் கூடியது சுமார் 100 வாட், அதாவது நொடிக்கு 100 ஜூல், அதுக்கு மேல போனா கால் எரிய ஆரம்பிச்சிடும். சாப்பாட்டுல இருந்து வர்ற சக்தியிலயும் நாலுல ஒரு பங்கோ அஞ்சுல ஒரு பங்கோதான் பெடலுக்குப் போகும், மிச்சம் எல்லாம் சூடா மாறும், அதான் மேட்டு மேல போய் நின்னா சட்டை நனைஞ்சிருக்கும்.

அதே 100 வாட்டை வெச்சு சமதரையில சுமார் 20 கிமீ வேகத்துல போகலாம். 5 சதவீத மேட்டுல அது 7 இல்ல 8 கிமீக்கு இறங்கிடும். 8 சதவீதம்னா மணிக்கு 5 கிமீ, அதாவது நடக்கிற வேகம், அங்க பேலன்ஸ் பண்றதே கஷ்டம், இறங்கி உருட்டிட்டுப் போறது தப்பே இல்ல. இன்னொண்ணையும் கவனிக்கணும், சமதரையில நம்மளை தடுக்கிறது பெரும்பாலும் காத்து, மேட்டுல தடுக்கிறது எடை. அதனால சமதரையில முதுகுல 5 கிலோ பை இருந்தா பெருசா தெரியாது, மேட்டுல அதே பை எடைக்கு ஏத்த மாதிரி நேரத்தையும் கூட்டும்.

இப்ப நிறைய பேர் தப்பா நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். "ஏறும்போது கஷ்டப்பட்டா என்ன, இறங்கும்போது அந்த டைமை புடிச்சிடலாம்ல"ன்னு கேப்பாங்க. முடியாது. 2 கிமீ நீளத்துக்கு 5 சதவீத மேடு, மொத்தம் 100 மீட்டர் ஏத்தம்னு வைங்க. சமதரையா இருந்தா 20 கிமீ வேகத்துல போக 6 நிமிஷம், வர 6 நிமிஷம், ஆக 12. மேடா இருந்தா 8 கிமீ வேகத்துல ஏற 15 நிமிஷம் ஆகும், 40 கிமீ வேகத்துல சல்லுன்னு இறங்கினா 3 நிமிஷம், ஆக 18. ஏறும்போது விட்டது 9 நிமிஷம், இறங்கும்போது கிடைச்சது 3. இன்னும் வேகமா 60ல இறங்கினாலும் மிச்சமாகப் போறது ஒரே ஒரு நிமிஷம்தான், அதுக்காக உயிரை பணயம் வைக்க வேண்டாம்னு நான் கெஞ்சியே கேட்டுக்கிறேன். மெதுவா போற நேரம்தான் மொத்த நேரத்தை முடிவு பண்ணுது, வேகமா போற நேரம் சீக்கிரமே முடிஞ்சு போறதால அதால பெருசா ஈடு கட்ட முடியாது. வளைவு, சிக்னல், ஈரமான ரோடு எல்லாம் சேர்ந்தா அந்த 40ம் கிடைக்காது.

சிக்னல்னதும் ஞாபகம் வருது. ரோடு பள்ளத்துல இறங்கி திரும்ப ஏறுதுன்னா இறங்கின வேகமே அடுத்த மேட்டுல கொஞ்ச தூரம் தூக்கிட்டுப் போகும், 40 கிமீ வேகத்துல வந்தா கணக்குப்படி 6 மீட்டர் உயரம் வரைக்கும் சும்மாவே ஏறலாம். அந்த பள்ளத்தோட அடியில சரியா ஒரு சிக்னலோ ஸ்டாப்போ இருந்தா மொத்தத்தையும் பிரேக்ல எரிச்சிட்டு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். ரோடு டிசைன் பண்றவங்க சைக்கிள் ஓட்டிப் பாத்தா அங்க சிக்னல் வெக்க மாட்டாங்கன்னு உறுதியா நம்புறேன்.

நடக்கிறதும் இதே கதைதான். 1892ல வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மலை ஏறுறவங்களுக்கு ஒரு சுலபமான கணக்கு சொன்னாரு, மீட்டர் கணக்குல மாத்தினா 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்ப 10 மீட்டர் ஏத்தத்துக்கு ஒரு நிமிஷம். ஸ்டேஷன்ல இருந்து வீடு 600 மீட்டர் தூரம்னா சமதரையில 7 நிமிஷ நடை, ஆனா அந்த 600 மீட்டருக்குள்ள 50 மீட்டர் மேடு இருந்தா அது 12 நிமிஷம். பஸ் ட்ரெயின் பத்தி பேசும்போது ஸ்டாப்ல இருந்து இத்தனை மீட்டர் வட்டத்துக்குள்ள இருக்கிற எல்லாரும் நடந்து வருவாங்கன்னு மேப்ல ஒரு ரவுண்ட் போடுவாங்க, மேடு இருக்கிற ஊர்ல அந்த ரவுண்ட் ரவுண்டாவே இருக்காது, ஒரு பக்கம் நசுங்கிடும். வயசானவங்க, குழந்தையை தள்ளுவண்டியில தள்ளிட்டு வர்றவங்க, வீல்சேர்ல வர்றவங்க இவங்களுக்கு இன்னும் ரொம்ப சின்னதா சுருங்கிடும்.

கார் விஷயம் வேற மாதிரி. கால்ல வலி இல்லாததால மேடு கண்ணுக்கே தெரியாது, ஆனா கணக்கு இருக்கு. 1500 கிலோ காரை 100 மீட்டர் தூக்க சுமார் 15 லட்சம் ஜூல், பெட்ரோல் எஞ்சின் அதுல இருக்கிற சக்தியில கால்வாசிதான் சக்கரத்துக்கு குடுக்கும்னு வெச்சா கூடுதலா சுமார் 0.2 லிட்டர் பெட்ரோல். ஒரு தடவைக்கு சின்ன விஷயம்தான், 500 மீட்டர் மேட்டை தினமும் ஏறினா அது தினமும் ஒரு லிட்டர் பக்கம். இறங்கும்போது கொஞ்சம் திரும்ப வரும், எப்படின்னா கியர்ல வெச்சு ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா இப்ப இருக்கிற எஞ்சின்கள் பெட்ரோலையே நிறுத்திடும், சக்கரமே எஞ்சினை சுத்தும். இது தெரியாம மைலேஜ் கிடைக்கும்னு நியூட்ரல்ல போட்டு இறங்குறவங்க இருக்காங்க, நியூட்ரல்ல எஞ்சின் ஐடில்ல ஓட பெட்ரோல் குடிச்சிட்டேதான் இருக்கும், அதோட முழு பாரமும் பிரேக் மேல விழும், நீளமான இறக்கத்துல பிரேக் சூடாகி ஒரு கட்டத்துல மிதிச்சாலும் புடிக்காது. எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்கன்னு பழைய டிரைவர்கள் சொல்றது இதுக்குத்தான்.

எலக்ட்ரிக் கார்ல இறக்கம் நிஜமாவே வருமானம், மோட்டார் ஜெனரேட்டரா மாறி பேட்டரியில திரும்பப் போடும், முழுசா வராது, பாதிக்கு மேல வரும். ஆனா வீடு மலை மேல இருந்து ராத்திரி 100 சதவீதம் சார்ஜ் போட்டு வெச்சீங்கன்னா காலையில இறங்கும்போது வர்ற சக்தியை வெக்க இடமே இருக்காது, அதனால மேல குடியிருக்கிறவங்க 80, 90ல நிறுத்திக்கிறது நல்லது. இதோட உச்சகட்ட உதாரணம் சுவிட்சர்லாந்துல ஒரு கல் குவாரியில ஓடுற ஈடம்பர்னு ஒரு எலக்ட்ரிக் லாரி, மேல இருந்து கல்லை ஏத்திட்டு கனமா இறங்கும், காலியா ஏறும், இறங்கும்போது கிடைக்கிற சக்தியே ஏறுறதுக்கு கிட்டத்தட்ட போதும். நம்மளால அப்படி வேலைக்குப் போக முடியாது, ஏன்னா போகும்போதும் வரும்போதும் நம்ம எடை ஒண்ணுதான்.

காருக்கு மேடு போடற பெரிய வரி பெட்ரோல் இல்ல, தூரம். ரோடு நேரா மலை மேல ஏற முடியாது. 600 மீட்டர் உயரத்தை 6 சதவீத சரிவுல ஏறணும்னா 10 கிமீ ரோடு கட்டாயம் வேணும், மேல இருக்கிற ஊர் கண்ணுக்கு எதிர்ல 3 கிமீ தூரத்துல தெரிஞ்சாலும் சரி. அந்த 10 கிலோமீட்டரை கொண்டை ஊசி வளைவா மடிச்சு மடிச்சுத்தான் போடணும், ஒவ்வொரு வளைவுலயும் வேகம் 20க்கு இறங்கும், முன்னாடி ஒரு லோடு லாரி மாட்டினா அவ்வளவுதான், பின்னாடி வர்ற இருபது வண்டியும் அந்த லாரியோட வேகத்துலதான் போகும். ஒரு மலைத்தொடருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற ரெண்டு ஊர் மேப்ல பக்கத்துல இருக்கும், கணவாயைத் தேடி சுத்திப் போனா ஒரு மணி நேரம் ஆகும். அதே சமயம் ஒரே பள்ளத்தாக்குல ஆத்தங்கரையோரமா இருக்கிற ரெண்டு ஊர் 30 கிமீ தள்ளி இருந்தாலும் சீக்கிரம் போயிடலாம். ஒரு பகுதியில யார் எந்த ஊருக்கு வேலைக்குப் போறாங்கங்கிறதையே பல இடத்துல மலைதான் தீர்மானிக்குது, நேர்கோட்டு தூரம் இல்ல. ரொம்ப உயரமான கணவாய்ல பனி கொட்டினா குளிர்காலம் முழுக்க மூடியே வெச்சிடுவாங்க, அப்ப பக்கத்து ஊர் பக்கத்து ஊரே இல்ல.

சரி, ட்ரெயினுக்கு வருவோம், எனக்கு ரொம்ப புடிச்ச பகுதி இதுதான். இரும்பு சக்கரம் இரும்பு தண்டவாளத்துல உருள்றதுல தடையே ரொம்ப கம்மி, வண்டியோட எடையில ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான். அதனாலதான் ட்ரெயின் அவ்வளவு சிக்கனம். ஆனா அதே காரணத்தாலதான் மேடு அதுக்கு ஆகவே ஆகாது. தடை ஆயிரத்துல ரெண்டு பங்குன்னா வெறும் 1 சதவீத மேடு வந்தாலே ஆயிரத்துல இன்னும் பத்து பங்கு சேருது, இழுக்க வேண்டியது ஆறு மடங்கு. கார் ஓட்டுறவங்க 1 சதவீத மேட்டை உணரவே மாட்டாங்க. போதாததுக்கு இரும்பு மேல இரும்பு வழுக்கும், மழையிலயும் காஞ்ச இலை விழுந்த தண்டவாளத்துலயும் இன்னும் வழுக்கும். அதனால சாதாரண ரயில் பாதையை 2.5 சதவீதத்துக்கு மேல போடத் தயங்குவாங்க, பாதை ஆத்தை ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு போகும், ஸ்டேஷன் பள்ளத்துல இருக்கும், ஊர் மேட்டுல இருக்கும். இத்தாலியில ஒர்வியெட்டோ அப்படித்தான், ஊர் பாறை மேல, ஸ்டேஷன் கீழ, ரெண்டையும் இணைக்கவே கேபிள்ல இழுக்கிற ஒரு தனி ரயில்.

மேட்டை விட்டா வேற வழி இல்லன்னா மூணு வேலை பண்ணலாம். ஒண்ணு பல்சக்கரம், தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெச்ச இரும்புப் பட்டை, எஞ்சின்ல பல்சக்கரம், வழுக்கவே வழுக்காது. நீலகிரி மலை ரயில் செங்குத்தான பகுதியை இப்படித்தான் ஏறுது, மொத்தமா 326 மீட்டர்ல இருந்து 2203 மீட்டர் வரைக்கும், 46 கிமீ தூரத்துக்கு ஏற கிட்டத்தட்ட 290 நிமிஷம், இறங்க 215 நிமிஷம். அழகான பயணம், ஆனா தினமும் வேலைக்குப் போற வேகம் இல்ல. ரெண்டாவது ரப்பர் டயர், சுவிட்சர்லாந்துல லோசான் மெட்ரோவோட எம்2 லைன் 2008ல ஆரம்பிச்சது, 6 கிமீக்கும் குறைவான தூரத்துல 330 மீட்டருக்கு மேல ஏறுது, சில இடத்துல 12 சதவீத சரிவு. மூணாவது மலையையே குடைஞ்சிடறது. ஆல்ப்ஸ்ல 1882ல திறந்த பழைய கோட்டார்ட் சுரங்கத்துக்கு ட்ரெயின் சுமார் 1150 மீட்டர் உயரம் வரைக்கும் சுத்தி சுத்தி ஏறணும், 2016ல திறந்த புது சுரங்கம் 57 கிமீ நீளம், அதோட பாதையில அதிகபட்ச உயரமே 549 மீட்டர்தான். நேரம் மிச்சம்ங்கிறதோட சேர்த்து, சரக்கு ரயிலை மேட்டுல தள்ள கூடுதல் எஞ்சின் மாட்ட வேண்டிய அவசியமும் வெகுவா குறைஞ்சது.

பஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஆள் ஏத்தின பெரிய பஸ் 18 டன் இருக்கும், 8 சதவீத மேட்டுல 30 கிமீ வேகம் புடிக்கவே சுமார் 130 கிலோவாட் வேணும், அதையும் ஒவ்வொரு ஸ்டாப்லயும் நின்னு நின்னு திரும்ப எடுக்கணும். அதனால மேட்டு ரூட்ல டைம்டேபிள்லயே போறதுக்கும் வர்றதுக்கும் வேற வேற நிமிஷம் குடுக்கணும், ஒரே நிமிஷம் குடுத்தா ஏறுற பஸ் எப்பவும் லேட்தான். மேடு நிறைஞ்ச சான் பிரான்சிஸ்கோவும் சியாட்டிலும் மேல கம்பியில இருந்து கரண்ட் எடுக்கிற டிராலி பஸ்ஸை விடாம வெச்சிருக்கிறதுக்கு ஒரு காரணம் இதான், எலக்ட்ரிக் மோட்டார் நின்ன இடத்துல இருந்தே முழு பலத்தோட இழுக்கும்.

உயரமான இடத்துல காத்து மெலிசா இருக்கிறதும் இதுல சேரும், 2000 மீட்டர்ல காத்தோட அடர்த்தி கடல் மட்டத்தை விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, டர்போ (காத்தை அழுத்தி உள்ள தள்ளுற கருவி) இல்லாத எஞ்சினுக்கும் நம்ம நுரையீரலுக்கும் அது தெரியும், எலக்ட்ரிக் மோட்டாருக்குத் தெரியாது.

ரொம்ப செங்குத்தான ஊர்கள் ரோடையே விட்டுட்டு யோசிச்சிருக்காங்க, அது எனக்கு நம்பிக்கை தர்ற விஷயம். சான் பிரான்சிஸ்கோவுல 1873லயே தரைக்கு அடியில ஓடுற கேபிளைப் புடிச்சிட்டு ஏறுற கேபிள் கார் வந்துடுச்சு. கொலம்பியாவுல மெடெயின் நகரம் 2004ல மலைச்சரிவு குடியிருப்புகளுக்கு ரோப் காரை மெட்ரோவோட இணைச்சாங்க, சுற்றுலாவுக்கு இல்ல, வேலைக்குப் போறவங்களுக்கு. பொலிவியாவுல 2014ல லா பாஸையும் அதுக்கு மேல பீடபூமியில இருக்கிற எல் ஆல்டோவையும் ரோப் காரால இணைச்சாங்க, வளைஞ்சு வளைஞ்சு நெரிசல்ல ஏற வேண்டியதை நேரா பறந்து பத்து நிமிஷம் போல முடிச்சிடலாம். ஹாங்காங்ல 1993ல திறந்த எஸ்கலேட்டர் வரிசை 800 மீட்டர் நீளம், 135 மீட்டர் உயரம், காலையில 6ல இருந்து 10 வரைக்கும் இறங்குற பக்கம் ஓடும், அதுக்கப்புறம் நடுராத்திரி வரைக்கும் ஏறுற பக்கம். காலையில ஜனங்க மேல இருந்து கீழ வேலைக்குப் போறாங்க, சாயந்திரம் ஏறணும், அந்த ஒரு உண்மையை மதிச்சு செஞ்சிருக்காங்க.

சைக்கிளுக்கும் அப்படி செய்யலாம். நார்வேல ட்ரான்ஹைம் ஊர்ல 1993ல இருந்து சைக்கிளுக்குன்னே ஒரு லிஃப்ட் இருக்கு, 130 மீட்டர் நீள மேட்டுல ஒரு காலை அந்த மிதிகட்டையில வெச்சு நின்னா அது தள்ளிட்டே போகும். ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் பல்சக்கர ரயில் தனக்கு முன்னாடி சைக்கிள் ஏத்துற ஒரு சின்ன வண்டியைத் தள்ளிட்டே மேல போகும். இதெல்லாம் இல்லாத ஊர்ல சுலபமான வழி மேட்டைச் சுத்திப் போறது, சான் பிரான்சிஸ்கோவுல விகிள்னு ஒரு சைக்கிள் ரூட் குன்றுகளுக்கு நடுவுல இடது வலதுன்னு திரும்பித் திரும்பி மேடே இல்லாத தெருவா பொறுக்கிப் போகும். 10 மீட்டர் மேட்டைத் தவிர்க்க 200 மீட்டர் கூட சுத்தினாலும் லாபம்தான்.

அப்புறம் பேட்டரி சைக்கிள். ஐரோப்பாவுல சட்டப்படி 250 வாட் மோட்டார், 25 கிமீ வேகத்துக்கு மேல உதவாது. கேக்க கம்மியா இருக்கு, ஆனா நம்ம 100 வாட்டோட அந்த 250 சேர்ந்தா மூணரை ஆள் பலம், 5 சதவீத மேட்டுல 7, 8ல திணறினவங்க 19, 20ல போகலாம். சமதரையில இது கொஞ்சம் சுகம்தான், மேட்டு ஊர்ல ஒரு ஆள் சைக்கிள்ல வேலைக்குப் போகலாமா கூடாதாங்கிறதையே மாத்துது.

நீங்க வேலைக்கோ வீட்டுக்கோ இடம் பாக்குறீங்கன்னா மேப் ஆப்ல சைக்கிள் ரூட்டைத் தட்டிப் பாருங்க, கீழ ஏத்த இறக்கம் கோடா வரும். அதுல மொத்த ஏத்தத்தைப் பாருங்க, ரொம்ப செங்குத்தான துண்டு எங்கன்னு பாருங்க, ரெண்டு திசையையும் தனித்தனியா பாருங்க. வீடு மேல, ஆபீஸ் கீழன்னா காலையில வேர்க்காம போய் சேரலாம், சாயந்திரம் ஏறி வீட்டுல குளிச்சுக்கலாம். அதுவே ஆபீஸ் மேலன்னா அங்க குளிக்க இடம் இருக்கான்னு கேட்டு வெச்சுக்கோங்க, இல்லன்னா ஏறும்போது மட்டும் சைக்கிளை பஸ்லயோ ட்ரெயின்லயோ ஏத்திட்டுப் போக விடுவாங்களான்னு விசாரிங்க. லீவு நாள் காலையில காலியான ரோட்டுல ஓட்டிப் பாத்து முடிவு பண்ணாதீங்க, வேலை முடிஞ்சு களைச்சுப் போன ஒரு சாயந்திரம், பையோட, வீட்டுப் பக்கம் ஏறிப் பாருங்க.